முதுகு காட்டி நின்றவள்

அந்த ஸ்டுடியோக்காரருக்குக் கட்டம் என்றால் உயிர். படத்தை நெடுக்கே மூன்று, குறுக்கே மூன்று என்று மனசுக்குள் பிரித்துக்கொள்வார். ஆள் அந்தக் கோட்டில் நிற்காவிட்டால் எரிந்து விழுவார். மந்திரியே வந்தாலும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க"தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கென்று படம் எடுக்கக் கிளம்புவார். ஏரிக்கரை, நீண்ட பாலம், மூடுபனிச் சாலை. வெறும் பாலத்தை எவன் பார்ப்பான்? தூரத்தில் ஓர் ஆள் வேண்டுமே! அதற்குத்தான் மனைவி இருந்தாளே. முப்பது வருடம் சொன்ன இடத்தில் போய் நின்றாள்.

"திரும்பாத. முகம் தெரிஞ்சா பாக்குறவன் கண்ணு அங்கயே நின்னுடும். அப்புறம் பாலத்தை யாரு பாப்பா?"

"அடேயப்பா, என் மூஞ்சிக்கு அவ்வளவு மவுசா!" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டுவாள். ஒருமுறை சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிவிட்டாள். படம் கெட்டுப்போச்சென்று அவள் கண்ணெதிரிலேயே அழித்தார், படுபாவி.

போன மாதம் அவள் செத்துப்போனாள். மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா முகம் தெரியற மாதிரி ஒரு படம் குடுங்கப்பா. சுவத்துல மாட்டணும்."

மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் தேடினார். பரிசு வாங்கிய படங்கள் நாற்பது; நாற்பதிலும் முதுகு. கல்யாண ஆல்பம் என்றோ மழையில் நனைந்து ஒட்டிப்போய், பிரித்தால் தோலாக உரிந்தது. அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கினார். அது கட்டம் கட்டமாக உடைந்தது.

"உன் போன்ல இருக்குமேம்மா?"

மகள் நீட்டினாள். அடுப்படியில், மாடியில், பேருந்து நிறுத்தத்தில். அத்தனையும் பின்னந்தலை.

"போனைத் தூக்கினாலே திரும்பிக்குவாங்கப்பா. நீங்க பழக்கினதுதானே."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று கேமராவைக் கொண்டு போயிருந்தார். கட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், அவள் முகம் போதும் என்றுதான் தூக்கினார். அதைக் கண்டதும் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முனகி முனகி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பச் சொன்னால் அந்த வலியை இன்னொரு தரம் படுவாளே!

"சரியா இருக்கேனா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"சரியா இருக்க" என்றார்.