சிங்காரவேல் தேய்த்த தூண்டில் முள்

எங்கள் செராமிக் பட்டறையில் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு தேய்ப்பது சிங்காரவேலின் வேலை. அந்த ஆளின் விரலுக்கு எந்த மேடு பட்டாலும் பிடிக்காது. டீ கிளாஸின் விளிம்பைக்கூடத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஞாயிறானால் ஏரி. கல்யாணமான புதிதில் மனைவி மகேஸ்வரியின் ஊக்கை வளைத்து மீன் பிடித்தார். அப்புறம் கடையில் விற்கும் கறுப்பு முள், அதற்கு மண்புழு. 2007இல் துபாயிலிருந்து வந்த மங்கலம்பேட்டை பாய் ஒருவர், மயிரிழை போன்ற முட்கள் கொஞ்சம் கொடுத்தார். புழுவே வேண்டாம், சேவல் இறகைக் கட்டி மிதக்கவிட்டால் பூச்சி என்று நினைத்து விரால் கவ்வும் என்றார்.

பக்கத்து வீட்டு தர்மராஜின் சேவலுக்கு அன்றைக்கே சனி பிடித்தது. கழுத்து மொட்டையானதும் தர்மராஜ் தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"எவன் புடுங்குனானோ, அவன் மேல கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டப்போறேன்."

எங்கள் பக்கம் போலீசுக்குப் பயப்படாதவனும், சாமிக்குப் புகாரைச் சீட்டில் எழுதிக் கட்டும் அந்தப் பிராதுக்குப் பயப்படுவான். அதற்கேற்ப, கவ்விய விராலெல்லாம் கரைக்கு வந்து கழன்று ஓடின. மசாலா அரைத்துக் காத்திருந்து அலுத்துப்போன மகேஸ்வரி, "அடுத்த வாரமும் வெறுங்கையோட வந்தா தூண்டில் கழி அடுப்புக்குத்தான்" என்றார். சிங்காரவேல் நிஜமாகவே கலங்கிப்போனார். நேரே தர்மராஜிடம் போய் நின்றார்.

"எறகு புடுங்குனது நாந்தாங்கண்ணே. பிராத வாபஸ் வாங்கிடுங்க."

"நான் இன்னும் கோயிலுக்கே போவலியே" என்ற தர்மராஜ், முள்ளை வாங்கிப் பார்த்தார். "மீனு கழலாம இருக்க, முனைக்குக் கீழ எதிரா ஒரு சின்னப் பல்லு இருக்குமே, எங்க?"

"அதுவா? அச்சுப் பிசிறுன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன். பாருங்க, எப்படி வழவழன்னு இருக்குது."

தர்மராஜ் தலையில் அடித்துக்கொண்டார். பாதி மீன் தனக்கு என்று பேசி முடித்து, தேய்க்காமல் மிச்சமிருந்த ஒரு முள்ளைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார். இறகுக்குச் சேவலின் வாலிலும் அவரே கை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழங்கை நீள விரால் வந்தது. மகேஸ்வரி வைத்த குழம்பை இருவரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தர்மராஜின் மனைவி பெரியநாயகியின் குரல் தெருவில் கேட்டது.

"சேவலோட வாலையும் வுட்டு வைக்கல. அந்தாளு போவமாட்டாரு. நானே நாளைக்கு மொத பஸ்ஸுல போயி பிராது கட்டிட்டு வரேன்."

தர்மராஜின் வாயில் வைத்த மீன் அப்படியே நின்றது. சிங்காரவேல் குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி, "சாப்புடுங்கண்ணே" என்றார்.