திருப்பி வாங்கிய சவர்க்காரம்

தேங்காயெண்ணெயில் கோஸ்டிக் சோடாத் தண்ணீர் விழும்போது எழும், தொண்டையைக் கரகரக்க வைக்கும் அந்தச் சூடான நெடிதான், புலம்பெயர்ந்து வந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய மரவீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது. கராஜ் கதவை அகலத் திறந்துவைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அம்மாவும் பக்கத்து வீட்டு மலர் அன்ரியும் கலக்குவார்கள். எங்களைக் கிட்ட விடமாட்டார்கள். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அது "சவர்க்காரம்", திருச்சி மலர் அன்ரிக்கு "சோப்பு". கட்டிகளை வாரக்கணக்கில் ஆறவைத்து, நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்து, "சுள்ளெண்டு" இல்லாவிட்டால்தான் அம்மா யாருக்கும் கொடுப்பார்.

ஒரு தீபாவளிக்குத் தேங்காயெண்ணெய் போதாமல் பாதிக்குத் தவிட்டெண்ணெய் சேர்த்தார்கள். அந்த எண்ணெய்க்குக் காரம், அதாவது கோஸ்டிக் சோடா, குறைவாகத்தான் வேண்டும். அம்மா பழைய அளவையே போட்டுவிட்டார். பண்டிகை அவசரத்தில் நாக்கில் தொட்டுப் பார்க்கவும் இல்லை. தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பலகாரத்தோடு கட்டிகளும் போய்ச் சேர்ந்தன. மறுநாள் பள்ளிக்கூடத்தில் விழுந்து உரசிக்கொண்டு வந்த கையை அந்தச் சவர்க்காரத்தால் கழுவிய நான் அலறினேன். ஓடிவந்த அம்மா என் கையைக் குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் பிடித்திருந்தார். பிறகு கட்டியை நாக்கில் வைத்தவர் முகம் வெளிறிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் காய்ஞ்சா சரியாயிடும்லக்கா?" என்றார் மலர் அன்ரி.

"காய்ஞ்சால் ஈரம் போகும். எண்ணெயோட சேராத காரம் எங்கை போகும்?" என்று அம்மா கார்ச் சாவியை எடுத்தார்.

கொடுத்த கட்டிகளைத் திருப்பி வாங்க மூவருமாக வீடு வீடாகப் போனோம். கடைசி வீடு பிளாக்ஹவுஸ் பேயில், குழந்தை பிறந்து மாதம் ஒன்றும் ஆகாத சுபா அக்காவுடையது. கதவைத் திறந்தபோது அவர் தோளில் துவாய் கிடந்தது.

"பிள்ளையைக் குளிக்க வார்க்கப் போறன், அக்கா. உங்கடை சவர்க்காரம்தான்."

"வேண்டாம், அதைத் தாங்கோ. காரம் கூடிப்போச்சு, பிள்ளையின்ரை தோல் எரியும். அளந்தது நான்; பிழை என்ரை."

அவருடைய கணவர் பின்னால் வந்து நின்றார். "இதெல்லாம் வீட்டிலை செய்யிற வேலையோ?"

"ஓம், கவனமாச் செய்தால் செய்யலாம். நான் கவனிக்கேல்லை," என்றார் அம்மா.

சுபா அக்கா உள்ளே போய், இன்னும் நனையாத அந்தக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பும் வழியில், "இனிமே நம்மகிட்ட யாரும் வாங்க மாட்டாங்க," என்று மலர் அன்ரி முணுமுணுத்தார்.

அந்த வருடம் கராஜ் பூட்டியே கிடந்தது. பிறகு மலர் அன்ரி, காரம் மிஞ்சியிருந்தால் நிறம் மாறும் சோதனைத்தாள் வாங்கி வந்தார். எண்ணெய் மாறினால் காரத்தைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு கட்டியையும் முதலில் தங்கள் முன்கையில் தேய்த்துப் பார்த்தார்கள். அடுத்த தீபாவளிக்கு முதல் ஆளாகத் தொலைபேசியில் சவர்க்காரம் கேட்டது சுபா அக்காதான்.

இப்போது அந்த மரவீடு இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. மலர் அன்ரி மெல்பர்ன் போய்விட்டார். எல்லர்ஸ்லியில் என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில், கையால் செய்த சவர்க்காரங்கள் அழகான உறைகளில் அடுக்கியிருக்கின்றன. போன மாதம் அங்கே நான் வாங்கிய முகக்கிரீம் ஒன்றைப் பாவிக்க வேண்டாம் என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. செய்தது யார், எங்கே பிழை நடந்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை. கிரீமைக் குப்பையில் போட்டேன். யாரும் வாசலுக்கு வரவில்லை.