வாளும் வேப்பிலையும்

இன்று காலை கம்பெனி பஸ் புதுவாயல் தாண்டும்போது, போனில் ஒரு வைக்கிங் சினிமாக் காட்சியைப் பக்கத்து சீட் ஸ்டெல்லா அக்காவுக்குக் காட்டினேன்.

புதிதாக ஞானஸ்நானம் வாங்கிய கிழவன் ஒருவன் சாகக் கிடக்கிறான். கையில் வாளோடு செத்தால்தான் ஓடின் என்ற பழைய தெய்வத்தின் மண்டபத்தில் இடம். வாளைக் கேட்கிறான். மகன் பாதிரியாரைப் பார்த்துவிட்டு, அவன் கையில் சிலுவையை வைக்கிறான்.

"இது குறியீடுக்கா. ஒரு காலம் முடிஞ்சி…" என்று ஆரம்பித்தேன்.

"இரு. அந்தக் கெழவன் இப்ப எங்க போவான்?"

"இன்னாக்கா?"

"எங்க நைனாவும் ஞானஸ்நானம் வாங்குனவருதான். கடைசில, கைல ஒரு கொத்து வேப்பில குடுன்னு கேட்டுக்கினே இருந்தாரு. ஊட்டு வாசல்லயே மரம். பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கினு இருந்தாரு. நான் பைபிளை வெச்சேன். வாங்கிக்கினாரு. கண்ணு மட்டும் வாசல் பக்கமே இருந்துச்சி."

கம்பெனி கேட் வந்தது. அக்கா ஐடி கார்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இதே காட்சியின் குறியீடு பற்றி நேற்று நான் போட்ட நீளமான பதிவுக்கு எத்தனை ஹார்ட், எத்தனை "செம ப்ரோ"! கிழவன் எங்கே போவான் என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். சாயங்காலமும் அக்கா பக்கத்தில்தான் எனக்கு சீட்.