நில்டா யார் வீட்டுப் பிள்ளை?

இந்த ஜூனில் இத்தாலியின் பலெர்மோ விமான நிலையத்தில் ஒரு காட்சி.

ஒன்பது வயதில் விட்டுவிட்டு வந்த மகள், பதினாறு வயதுப் பெண்ணாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். தாய் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாள். மகள் அசையாமல் நிற்கிறாள். பிறகு, மிக மரியாதையாக...

"வணக்கம், துல்சே" என்றாள்.

பெற்ற தாயைப் பெயர் சொல்லி!

பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற எனக்கே முகம் சுருங்கிவிட்டது. துல்சேக்கு எப்படி இருந்திருக்கும்?

துல்சே யார் என்று சொல்லவில்லையே. அவள் கேப் வேர்ட் தீவுக்காரி. ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், போர்த்துக்கீசர் ஆண்ட தீவுகள். பலெர்மோவுக்கு வெளியே, பகேரியா என்ற சிற்றூரில் நாங்கள் இருக்கும் அதே கட்டடத்தில், எங்களுக்கு மேல் மாடி. காலை ரயிலில் இருவரும் சேர்ந்துதான் பலெர்மோவுக்கு வேலைக்குப் போவோம். அவள் வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்யோரா, எசமானி அம்மா, வீட்டில். நான் இன்னொரு சின்யோரா வீட்டில். சமையல், துடைப்பு, இஸ்திரி — இதை எங்கள் சனத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுமா?

எங்களைச் சிநேகிதிகளாக்கியது ஒரு கதிரை. முதல் தடவை வீட்டுக்கு வந்தவளை இருத்துவதற்காக, என் மகளிடம் "அந்தக் கதிரையை எடு பிள்ளை" என்றேன். துல்சே திகைத்துப்போனாள். அவர்களும் அதைக் 'கதெய்ரா' என்கிறார்களாம்! அன்று வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். மேசை, யன்னல், அலமாரி, சாவி, துவாய், சப்பாத்து, பாண்... எல்லாம் அவளுக்கும் தெரிந்த சொற்கள். யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசர் போகும்போது தளபாடங்களின் பெயர்களை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் போல.

சரி, கதைக்கு வருகிறேன்.

துல்சே தீவிலிருந்து முதலில் போனது போர்த்துக்கலுக்கு. லிஸ்பனுக்குள் இல்லை, லிஸ்பனைச் சுற்றி முளைத்த ஊர்களில் ஒன்றுக்கு. மகள் நில்டா பிறந்தது அங்கேதான். தகப்பன் போன இடம் தெரியாது. இத்தாலியில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லித்தான்.

அந்த ஒரு வருடம் ஏழு வருடமாக நீண்டுவிட்டது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் விடிய முதல் போய் வரிசையில் நின்று, இந்தக் கோடையில்தான் பிள்ளைக்கு விசா சரிவந்தது. துல்சே புதுக் கட்டில் வாங்கினாள். மஞ்சள் திரைச்சீலை தைத்தாள். பங்குச் சுவாமியைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லி வைத்தாள்.

வந்த பிள்ளையோ வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் ரயிலில் துல்சே என் கையைப் பிடித்தாள். நாங்கள் கதைப்பது இத்தாலியனில்தான். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"என்ரை அக்காவை அவள் அம்மா எண்டுதான் கூப்பிடுறாள். டெலிபோனிலை நான் கேட்டனான். 'அம்மா, அம்மா' எண்டு அழுறாள். எனக்குத் துல்சே."

"போகப் போகச் சரிவரும்" என்றேன்.

"நீ ஒருக்கா அவளோடை கதைச்சுப் பார். உன்னிலை அவளுக்குக் கோபம் ஒண்டும் இல்லைத்தானே."

ஞாயிற்றுக்கிழமை நில்டாவை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். மீன்குழம்பும் பாணும். உறைப்பில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டாள். என் எட்டு வயது மகள் அவளுக்கு இத்தாலியன் சொல்லிக் கொடுக்க, பதிலுக்கு அவள் போர்த்துக்கீசில் எண்ணக் கற்றுக் கொடுத்தாள். மெல்ல மெல்ல வாய் திறந்தது. போர்த்துக்கீசும் இத்தாலியனும் அக்கா தங்கை போலத்தானே; இரண்டையும் கலந்து ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "உங்கடை இடம் எப்பிடி?" என்று கேட்டேன்.

அந்த ஊரில் பத்து மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்குமாம். அவற்றுக்குப் பின்னால் ஒரு மலைச்சரிவு. அங்கேதான் தீவுச் சனம். யாருடைய நிலம் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அயலட்டை எல்லாம் கூடி, ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்புவார்கள். பெண்கள் பெரிய பானையில் சோளமும் பீன்ஸும் வேகவைப்பார்கள். அடுத்த ஞாயிறு அடுத்த வீடு. நில்டாவும் சீமெந்து குழைத்திருக்கிறாள். விடியற்காலையில் முதல் ரயில் நிறையப் பெண்கள். லிஸ்பனில் கந்தோர்கள் திறக்க முதல் கூட்டித் துடைத்துவிட்டு, பகலில் வேறு வீடுகளில் வேலை. ஆண்கள் கட்டட வேலைக்கு.

"நாங்கள்தான் லிஸ்பனைக் கட்டுறம். நாங்கள்தான் துடைக்கிறம். ஆனா அங்கை இருக்கேலாது" என்றாள், ஏதோ பாடம் ஒப்பிப்பதுபோல.

லிஸ்பனில் ஒரு உடுப்புக் கடையில் சனிக்கிழமை வேலை கேட்டுப் போனாளாம். முதலாளி நன்றாகச் சிரித்துக் கதைத்தான். விலாசம் கேட்டான். சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவளோடு போன தோழி வேறு ஒரு தெருப் பெயரைச் சொன்னாள்... வேலை அவளுக்கு.

"நீயும் பொய் சொல்லியிருக்கலாமே?"

"அது என்ரை வீடு. ஏன் பொய் சொல்லவேணும்?"

நான் பாணைப் பிய்த்தேன். யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் நான் பலெர்மோ என்றுதான் சொல்வேன். பகேரியா என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று யார் எனக்குச் சொன்னது? ஒருவரும் இல்லை!

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மலைச்சரிவு வீடுகளை இடிக்கப் போகிறார்களாம். பதிலுக்குப் புது மாடி வீடு. ஆனால் நகரசபை ஆட்கள் வீடு வீடாக வந்து எண்ணும்போது இருக்கிறவர்களுக்குத்தான். இல்லாதவர் இல்லாதவர்தான்.

"எப்ப எண்ண வருவினம்?"

"இந்த மாதக் கடைசியிலை. நான் அங்கை இல்லாட்டி அம்மா தனி ஆள். அவவுக்கு ஒரு சின்ன அறைதான் குடுப்பினம். பிறகு நான் போய் எங்கை இருக்கிறது?" கோப்பையைக் கீழே வைத்தாள். "துல்சேக்கு எப்பிடிச் சொல்லுறது? அவ திரைச்சீலை எல்லாம் தைச்சு வைச்சிருக்கிறா..."

அந்தக் கதிரையில் குந்தியிருந்து அழுதாள். இவளுக்குத் தாயில் கோபம் என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்!

மறுநாள் ரயிலில் துல்சேக்குச் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. பலெர்மோவில் இறங்கியபிறகு கேட்டாள்:

"திரும்பிப் போனால் அவள் பிறகு வரமாட்டாள். இல்லையா?"

"எனக்குத் தெரியாது, துல்சே."

"நான் ஏழு வருஷம் அந்த வாசல்லை நிண்டதெல்லாம்..." கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு, "தனிய அனுப்பமாட்டன். நானும் போறன்" என்றாள்.

ஆனால் எப்படிப் போவது? அவளுடைய சின்யோரா கோடைக்கு மொண்டெல்லோ கடற்கரை வீட்டுக்குப் போகிறவர். சமைக்க ஆள் இல்லாவிட்டால் வேலையே போய்விடும். என்னுடைய சின்யோரா மலைப்பக்கம் போய்விட்டதால் எனக்கு அந்த நாட்கள் ஓய்வு. "உனக்குப் பதிலா நான் சமைக்கப் போறன்" என்றேன்.

வீட்டில் என் மனுஷன், "இஞ்சேரும், கிடைச்ச லீவையும் தானம் பண்ணப் போறீரோ?" என்று கேட்டார். மொண்டெல்லோவில் உணவகத்தில் வேலை செய்கிறவர். அடுத்த நாள் காலையில் தானே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

மொண்டெல்லோவில் எனக்கு நடந்தது வேறொன்றுமில்லை. சின்யோரா ஒவ்வொரு வாய்க்கும் "துல்சே இப்படிச் சமைக்கமாட்டாள்" என்றார். நான் "ஓம், சின்யோரா" என்றேன். ஆமாம் என்கிற எங்கள் 'ஓம்' அவருக்கு என்ன விளங்கியதோ!

போன கிழமை துல்சே திரும்பி வந்தாள். தனியாகத்தான். ஆனால் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ரயிலில் சொன்னாள்.

நில்டா தன்னை அந்தச் சரிவு முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிந்தாளாம். எந்தச் சுவரை யார் கட்டியது, எந்த வாசலில் யார் இருக்கிறார்கள் என்று. ஏழு வருடத்துக் கதையை ஒரே மூச்சில். எண்ணுகிற ஆள் வந்தது ஒரு காலையில். வாசலில் அக்கா, நில்டா, துல்சே மூன்று பேரும் நின்றார்கள்.

"இந்த வீட்டிலை ஆர் ஆர்?" என்று கேட்டான்.

"நானும் அம்மாவும்" என்றாள் நில்டா, பெரியம்மாவைக் காட்டி.

"அப்ப இவ?"

துல்சே நிலத்தைப் பார்த்தாளாம். விருந்தாளி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தாளாம்.

"இவவும் அம்மாதான். பலெர்மோவிலை இருக்கிறா."

அந்த ஆள் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். துல்சே அந்த வாசலிலேயே இருந்துவிட்டாள். அக்காதான் வந்து தூக்கினாளாம்.

பிள்ளை அங்கே, தாய் இங்கே. அது மாறவில்லை. புது வீடு எங்கே, அயலட்டை எல்லோருக்கும் ஒரே இடத்தில் கொடுப்பார்களா, அதுவும் தெரியாது. ஆனால் டிசம்பரில் நத்தாருக்கு வருகிறேன் என்று நில்டா தானாகவே சொல்லியிருக்கிறாள். கேட்காமலே!

வெளிநாட்டுக்கு வந்த நாங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறோம்: யாழ்ப்பாணம்தான் உன் ஊர், இது இல்லை என்று. பேர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, கிடைத்ததும் மாற்றிச் சொல்கிறோம்: இனி இதுதான் உன் ஊர். பிள்ளையை யாராவது ஒருக்கால் கேட்டோமா?

அன்று பின்னேரம் என் மகளைக் கேட்டேன். "பிள்ளை, உன்ரை ஊர் எது?"

டிவியை விட்டுக் கண்ணை எடுத்து, பயந்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஏன் அம்மா... நாங்கள் எங்கையும் போகப் போறமோ?"