தண்ணீர் கேனுக்குக் கீழே இருந்த கட்டை

மூன்று வாரம் நான் ஒரு அட்டையில் பொய் எழுதினேன். என் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்ததை மட்டும் சொன்னால், அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

என் பெயர் ஞானராஜ். வயது ஐம்பத்து மூன்று. நெய்வேலி நகரியத்துக்கு வெளியே ஒரு சிறிய பட்டறையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருக்கிறேன். இரும்புத் தகட்டை அழுத்தி, கன்வேயர் ரோலர்களின் முனைக்கு மூடி செய்கிற இடம். ஐந்து ஹைட்ராலிக் பிரஸ்கள். அவற்றின் ஆயில், ஹோஸ், வால்வு, சீல் எல்லாம் என் பொறுப்பு. தினமும் காலையில் ஒவ்வொரு பிரஸ்ஸையும் பார்த்து, பக்கத்தில் தொங்கும் அட்டையில் ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாம் நம்பர் பிரஸ் நூறு டன் விசையில் அழுத்துவது. மேலிருந்து இறங்கி வந்து தகட்டை அழுத்தும் பாகத்தை ரேம் என்போம். அந்த இரும்பு மட்டுமே அரை டன் இருக்கும். அதை மேலே தாங்கிப் பிடித்திருப்பது சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் ஆயில்தான். போன மழைக்காலத்தில் அது கசிய ஆரம்பித்தது. மாலையில் ரேமை மேலே நிறுத்திவிட்டுப் போனால், காலையில் நாலு விரல் இறங்கி நிற்கும். ஆயில் ஓடும் ரப்பர் குழாயான ஹோஸின் முனை வியர்த்தது போல ஆயிலில் மினுமினுக்கும்.

சூப்பர்வைசர் செல்வத்திடம் சொன்னேன். பண்ருட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

“ஹோஸு, சீலு ரெண்டும் ஆர்டர் போட்டாச்சுண்ணே. வந்துகினே இருக்குது. அதுவரைக்கும் சரின்னு போட்டுக்கினு போ. சரியில்லன்னு எழுதினா மிஷின நிறுத்தணும். நிறுத்தினா மொதலாளி என்னத் தொங்க விடுவாரு.”

நான் ‘சரி’ என்று போட்டேன். முதல் நாள் கை தயங்கியது. மூன்றாம் நாள் தயங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே கையால் நற்கருணை வாங்கினேன்.

நான்காம் வாரம் திங்கட்கிழமை, என் மகளை மூன்றாம் நம்பருக்கு மாற்றினார்கள்.

பிரிசில்லா டிப்ளமோ படித்தவள். எட்டு மாதமாக எங்கள் பட்டறையில் ஆபரேட்டர், கான்ட்ராக்ட். அடுத்த மாதம் பர்மனெண்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பர்மனெண்ட் என்ற வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் கான்ட்ராக்டிலேயே இருந்து வெளியே வந்தவன்.

அன்று மாலை வீட்டில் அவளிடம், “வேற மிஷின் கேளும்மா, நான் செல்வத்துக்கிட்ட பேசறேன்” என்றேன்.

“எதுக்குப்பா? ஃபிட்டர் பொண்ணுன்னு சலுகைன்னு பேசவா? மிஷின்ல ஏதாவது பிரச்சனையா?”

“ஆயில் கொஞ்சம் கசியுது.”

“அட்டையில சரின்னுதானே போட்டிருக்கீங்க. நான் பார்த்தேனே.”

தட்டைத் தள்ளி வைத்தேன். வேறு மிஷின் கேட்டு வாங்கிக் கொடுத்தாலும், அந்த இடத்தில் வேறு யாருடைய பிள்ளையையாவது நிறுத்துவார்கள். முந்தின வாரம் வரை அங்கே நின்றவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. அவனுக்காக நான் ஒரு நாளும் ஜெபிக்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் உடைந்துபோனேன். செவ்வாயும் புதனும் வேலைக்குப் போனேன், வந்தேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் வாய் திறக்கவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்னவென்று கேட்பது?

சபையில் ஒரு சகோதரரிடம் மனதைத் திறந்தேன். “முதலாளியோடு மோதாதீங்க பிரதர். அமைதியா ஜெபிச்சுக் காத்திருங்க” என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் மூன்று வாரம் காத்திருந்ததே போதும் என்று எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே போனேன். மூன்றாம் நம்பரின் அட்டையில் ‘சரியில்லை’ என்று எழுதினேன். மெயின் ஸ்விட்சை இறக்கினேன். அதன் கைப்பிடியில் பூட்டு மாட்ட ஒரு துளை உண்டு. யாரும் அதில் பூட்டு மாட்டி நான் பார்த்ததே இல்லை. என் டிபன் பாக்ஸ் வைக்கும் லாக்கரின் பூட்டைக் கழற்றி அதில் மாட்டிப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பூட்டின் மேல் கையை வைத்து, கண்ணைத் திறந்தபடியே ஜெபித்தேன்.

“ஆண்டவரே, பொய் எழுதினதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். ஆனால் இன்றைக்கு நான் கெஞ்ச வரவில்லை. யார் சொன்னாலும் இந்தப் பூட்டைத் திறக்க மாட்டேன். நீரும் அவள் கையை விடக்கூடாது. இன்றைக்கு நான் உம்மோடு பேசிக்கொண்டேதான் இருப்பேன்.”

இப்படி ஜெபிக்கலாமா என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் வந்தது.

ஷிப்ட் தொடங்கியதும் செல்வம் வந்து பார்த்தார். “இன்னாண்ணே இது, சர்ச்சுல பூட்டு குடுத்து அனுப்பிச்சாங்களா? சாவியக் குடு.”

“குடுக்க மாட்டேன் செல்வம்.”

எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருவன் சிரித்தான். பிரிசில்லா என் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்பா, அடுத்த மாசம் பர்மனெண்ட் லிஸ்ட்டு. ஏன்பா இப்படிப் பண்றீங்க?” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன்.

என்னை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“ஞானராஜ், லாரி வந்து நிக்குது. பூட்டைத் திறங்க. இல்லைன்னா நாளையிலேர்ந்து வராதீங்க. உங்க பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடுங்க.”

“திறக்க மாட்டேன் சார். அது தானா இறங்குது.”

“மூணு வாரமா சரின்னு கையெழுத்துப் போட்டவர் நீங்க. இன்னைக்கு மட்டும் எங்கேர்ந்து வந்தது தைரியம்?”

தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள், ஆண்டவரே, இவருக்குச் சொல்ல ஒரு வார்த்தை கொடும் என்று கேட்டேன்.

வார்த்தை வரவில்லை. ஒரு கேள்வி வந்தது. ரேம் எங்கே நிற்கிறது?

ரேம் மேலே நின்றது. நான் பூட்டியது கரண்ட் ஸ்விட்சை. அது மோட்டாரைத்தான் நிறுத்தும். ரேமைத் தாங்குவது ஆயில். அந்த ஆயில் கசிகிறது என்றுதானே இவ்வளவு சண்டையும். முப்பது வருட அனுபவமுள்ள ஃபிட்டர் நான், பூட்டைப் போட்ட வீறாப்பில் அதை மறந்துவிட்டேன்.

பிரஸ்ஸுக்குள் கை விடுவதற்கு முன், ரேமுக்குக் கீழே ஒரு கட்டையை நிறுத்த வேண்டும். கட்டை என்பது பேர்தான். அது இருமுனையிலும் தகடு பற்றவைத்த கனமான இரும்புக் குழாய். ஒரு ஆளால் தூக்க முடியாது. அதனால் எங்கள் பட்டறையில் யாரும் தூக்குவதில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையை விடுவதுதான் பழக்கம். கட்டை, குடிதண்ணீர் கேனுக்கு ஸ்டாண்டாகிவிட்டது. டம்ளர் பிடிக்கச் சரியான உயரம். நானே தினமும் அதில்தான் தண்ணீர் குடித்தேன்.

முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வெளியே ஓடினேன்.

மூன்றாம் நம்பருக்குள் என் மகள் தோள்வரை கையை விட்டு, தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான கீழ் டையில் ஒட்டியிருந்த தகட்டுப் பிசிறுகளைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தாள். தகராறு முடிவதற்குள் டையையாவது துடைத்து வை என்று செல்வம் சொன்னாராம்.

“பிரிசி, கைய எடும்மா.”

“மெயின் ஆஃப்லதானேப்பா இருக்கு. நீங்கதானே பூட்டினீங்க?”

அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. என் பூட்டை நம்பித்தான் அவள் கையை விட்டிருந்தாள்.

அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். தண்ணீர் கேனிடம் ஓடினேன். அங்கே தகடு வெட்டும் ஷியரிங் மிஷினில் வேலை செய்யும் ராஜேந்திரன் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குள் இருபது வருடப் பழக்கம்.

“ராஜேந்திரா, கேனை இறக்கு. கட்டை வேணும்.”

“கேன எங்கடா வெக்கறது? உன் தலை மேலயா?” என்றவன், என் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைப் போட்டுவிட்டுக் கேனை இறக்கினான். இருவரும் கட்டையைத் தூக்கி வந்து, டைக்குப் பக்கத்தில் ரேமுக்குக் கீழே நிறுத்தினோம். மேலே ஒரு விரல் இடைவெளி இருந்தது.

“இப்ப தொடைக்கலாமா?” என்று பிரிசில்லா கோபமாகக் கேட்டாள். ஊரே பார்க்க அப்பா கையைப் பிடித்து இழுத்த கோபம். நான் பதில் சொல்வதற்குள், உள்ளே விட்டுவந்த பிரஷ்ஷை எடுக்கக் கையை நீட்டினாள்.

ஹோஸ் வெடித்தது. ஒரு சத்தம், அதோடு ஆயில் எங்கள் மேலெல்லாம். ரேம் விழுந்தது. கட்டை மேல் விழுந்து நின்றது. தரை அதிர்ந்தது.

அவள் கை உள்ளே இருந்தது. ரேமுக்கும் டைக்கும் நடுவே, கட்டை தாங்கிப் பிடித்திருந்த அந்த இடைவெளியில், பிரஷ்ஷைப் பிடித்தபடி இருந்தது.

அவள் மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள். ஐந்து விரலையும் மடக்கி விரித்துப் பார்த்தாள். நான் அந்த ஆயிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் ஒரு அறிக்கை எழுதி வைத்திருந்தார்கள். அறிவுறுத்தல் இல்லாமல் ஆபரேட்டர் கவனக்குறைவாகக் கை விட்டதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் அதைத் திருப்பி வைத்துவிட்டு, வேறு தாளில் எழுதினேன். ஹோஸ் கசிந்தது மூன்று வாரமாக எனக்குத் தெரியும், நான் பொய்யாகச் சரி என்று எழுதினேன், எழுதச் சொன்னார்கள், கட்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதில் கையெழுத்துப் போட்டேன். வேலை போனது என்றே நினைத்தேன். பிரிசில்லா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, எனக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். ராஜேந்திரனும் எழுதினான். கடைசியில் செல்வமும் எழுதினார்.

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. ஒன்பது நாள் மூன்றாம் நம்பர் நின்றது. புது ஹோஸ், புது சீல் வந்தன. பர்மனெண்ட் லிஸ்ட்டில் என் மகள் பெயர் இல்லை. “அடுத்த லிஸ்ட்டு வரும்பா. கை இருக்கு, வேலை செஞ்சுக்கிறேன்” என்கிறாள்.

தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் கேட்டது முதலாளிக்குச் சொல்ல ஒரு வார்த்தை. எனக்குக் கிடைத்தது நான் கேட்காத கேள்வி. என் மூளையில் இருந்ததுதானே வந்தது என்றால், மூன்று வாரம் அது எங்கே இருந்தது? அந்த நிமிடத்தில் அதை எழுப்பியவரை நான் அறிவேன். யார் முன்னாலும் சொல்வேன்.

காத்திருங்கள் என்று சொன்ன அந்தச் சகோதரருக்கும் அன்போடு ஒன்று சொல்கிறேன். நான் பூட்டையும் மாட்டினேன், ஜெபமும் செய்தேன். என் பூட்டில் ஓட்டை இருந்தது. அதை ஆண்டவர் அடைத்தார். ஆனால் பூட்டையே மாட்டாமல் முழங்காலில் மட்டும் நின்றிருந்தால், எதை அடைக்கச் சொல்லி அவரிடம் கேட்டிருப்பேன்?

எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் இல்லை. டமார் என்று ஒரு கதவு சாத்தினாலும் மகளின் கையைத்தான் பார்க்கிறேன். ஆனால் அட்டையில் ஒரு பொய்யும் எழுதுவதில்லை. இந்த மாதம் மட்டும் இரண்டு முறை ‘சரியில்லை’ என்று எழுதி மிஷினை நிறுத்தினேன். திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

தண்ணீர் கேன் இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் இருக்கிறது. கொஞ்சம் ஆடும். கட்டை மூன்றாம் நம்பரோடு சங்கிலியில் கட்டியிருக்கிறது. அதன் மேல் தகட்டில் ரேம் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பெயிண்ட் அடிக்க வந்தவனை நான் விடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் என்னைப் போல ஷிப்டுக்குப் போகிறவர்கள். பயந்து கையெழுத்துப் போடுகிறவர்களும் இருப்பீர்கள். அந்தப் பயத்தோடேயே அவரிடம் போங்கள், என் ஜெபத்தையே கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். நாளைக் காலை வேலைக்குப் போனதும், முதலில் உங்கள் தண்ணீர் கேனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.