மூன்று பிளக்கும் ஒரு ஸ்பேனரும்

ஏலவார்குழலி யாரையும் நம்பமாட்டாள். தறிக்குக் கொடுத்த ஜரிகையில் மிஞ்சியதைக்கூட நிறுத்துத்தான் திருப்பி வாங்குவாள். அப்படிப்பட்டவளா தன் பழைய மாருதியை மெக்கானிக் கமலிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள்? பானெட் பக்கத்திலேயே நின்றாள்.

ஸ்பார்க் பிளக்குகள் அசைவேனா என்றன. கமல் எண்ணெய் விட்டு, "கொஞ்சம் ஊறட்டும்மா" என்றான்.

"ஊற வைக்க இது இன்னா உளுந்தா? இன்ஜினையே மாத்தணும்னு சொல்லப் போற, அதானே?"

அவன் போய் டீ குடித்துவிட்டு வந்து மெதுவாகத் திருகினான். கிறீச்சென்று அலறிக்கொண்டு மூன்றும் ஒவ்வொன்றாக வந்தன.

"யாருமா இத இவ்ளோ முறுக்கி வச்சது?"

"உன் கடையில போட்டதுதானே? என்னைக் கேக்குற!" என்று எகிறினாள். ஆனால் கண் தன்னையறியாமல் டிக்கிப் பக்கம் போய் வந்தது. கமல் வேண்டுமென்றே லூசாக விட்டிருப்பான் என்று, ஒவ்வொரு சர்வீசுக்குப் பிறகும் டிக்கியில் வைத்திருக்கும் சொந்த ஸ்பேனரால் பிளக்குகளை இன்னொரு முறுக்கு முறுக்குவது அவள் வழக்கம். அந்தப் பார்வையைக் கமலும் கவனித்தான்.

புதுசு மாட்டியதும், "பழசைக் குடு. வேற வண்டில போட்டுடுவ" என்று மூன்றையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் முடிச்சுப் போடும் நேரத்தில் கமல் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று பார்த்தான்.

ஐயம்பேட்டையில் வீட்டு வாசலில் நிறுத்தியதும் முதல் வேலையாக டிக்கியைத் திறந்தாள். ஸ்பேனரைக் காணோம்.

"அப்பவே நெனச்சேன், திருட்டுப் பய!"

முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்டதில் முதன்முதலாக ஒன்று உண்மையாகியிருந்தது.