லாசாலில் ஓடும் மெசினும் அது பிறந்த ஊரும்

புலம்பெயர்ந்து வந்து நான் குடியிருக்கும் லாசால் என்ற ஊரில், வேலை செய்யும் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பழைய மெசின் ஒன்று இருக்கிறது. எட்டு வருடமாக அதைப் பராமரிப்பவன் நான்தான். போன குளிர்காலத்தில் ஒருநாள் அதன் அடியில் இறுகிப்போயிருந்த கிறீஸைச் சுரண்டியபோது, இரும்பிலேயே வார்த்த எழுத்துகள் தெரிந்தன. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரின் பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். சின்ன ஊர். அதன் சரித்திரத்தைச் சேகரிக்கும் குழு ஒன்று இணையத்தில் எழுதி வைத்திருந்தது. வாசிக்கத் தொடங்கியவன் சோற்றை மறந்துபோனேன். அந்த ஊரின் ஓடையில் சக்கரம் வைத்து முதலில் துறவிகள் கோதுமை அரைத்திருக்கிறார்கள். பிறகு அதே தண்ணீர் இரும்படிக்கும் சம்மட்டியைத் தூக்கியிருக்கிறது. வீட்டுக்கு வீடு பின்பக்கத்தில் உலை மூட்டிப் பெண்களும் ஆணி அடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நிலக்கரி, புகைபோக்கி, பெரிய இரும்பு வார்ப்பாலை. இப்போது அந்த இடத்தில் வீடுகள். ஆலையில் செய்த மெசின் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று கட்டுரை முடிந்தது.

நான் அந்த மெசினில் சாய்ந்துகொண்டுதான் இதை வாசித்தேன். உடனே மெசினைப் படம் எடுத்து அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். மறுநாள் விடியவே குழுவின் செயலாளர் அம்மா பதில் போட்டிருந்தார்: "இது இன்னும் ஓடுகிறதா?"

வீட்டில் மனைவி சிரித்தாள். "ஆரோ ஆக்களின்ரை ஊருக்கு நீங்கள் ஏன் இந்தத் துள்ளுத் துள்ளுறியள்?"

"எட்டு வருசமாத் தொடுற மெசின். எங்கை பிறந்ததெண்டு இப்பதானே தெரியும்."

சனிக்கிழமை மேலாளரிடம் அனுமதி வாங்கிக் குழுவினரை வீடியோவில் அழைத்தேன். அங்கே ஊர் மண்டபத்தில் இருபது பேர்வரை கூடியிருந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். மெசின் வழக்கம்போல இருமிவிட்டு டக், டக் என்று தகட்டை வெட்டத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்: "அப்பா அந்த ஆலையில்தான் வேலை செய்தார். இந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்டி எங்களைச் சிரிக்க வைப்பார்."

அவருக்காக இன்னும் பத்து நிமிடம் ஓடவிட்டேன்.

ஊர்ச் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறார்கள். மெசினைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொல்லிச் செயலாளர் கேட்டார். மூன்று பக்கம் போய்விட்டது. தயங்கித் தயங்கி அனுப்பினேன். முழுவதையும் போடுகிறோம் என்று அன்றே பதில் வந்தது.